வயது போதாத கட்டடம்



தில்லி நகரில் சில ஆண்டுகளேனும் வாழ்ந்த தமிழர் எவரும் பிரகதி மைதானத்தை அறியாதிருக்க இயலாது. கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் குடியிருந்த நம்மவர், நவம்பர் 14-ஆம் நாள் தொடங்கும் வாணிபப் பொருட்காட்சிக்கு ஆண்டுதோறும் குடும்பத்துடன் செல்வது வழக்கம். தமிழ்நாட்டு அரங்கினுள் நுழைந்து, ஊர்ப் பேச்சைக் காதாரக் கேட்டு, கைத்தறிச் சேலை ஒன்றை விலை பேசி, வாங்கியும் வாங்காமலும் வெளியே வந்து, கால் ஓய்ந்து புல்தரையில் அமர்வர். அப்போது அவர்தம் கண்ணெதிரே ஒரு விந்தையான கட்டடம் நின்றது. உச்சியை வெட்டி எடுத்த பிரமிடு போன்ற உருவம். முக்கோணம் முக்கோணமாகக் கோத்த கான்கிரீட் கழிகளே அதற்குச் சுவரும் கூரையும். எங்கள் வீட்டுச் சிறுவன் அதனைச் 'சல்லடை வீடு' என்பான். அவன் சொன்னது பிழையன்று.

ஹால் ஆஃப் நேஷன்ஸ், அதாவது பன்னாட்டு மண்டபம், என்பது அதன் பெயர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இரவில் எந்திரங்கள் வந்தன; மறுநாள் காலை அங்கே இருந்தது கான்கிரீட் குவியல். அப்போது அக்கட்டடத்தின் வயது 45. அதனை மரபுச் செல்வமாகக் கருதிக் காத்திடல் வேண்டும் என்று வேண்டியோர்க்குக் கிடைத்த விடை, அதற்கு வயது போதாது என்பதே. பழமை என்பது எத்தனை ஆண்டு கடந்தபின் தொடங்குகிறது? இவ்வினாவுக்கு நம் நாட்டின் சட்டங்கள் கூறும் விடையையும், அவ்விடையினால் விளைந்தவற்றையும் இன்று ஆராய்வோம்.

முதலில் அக்கட்டடம் எழுந்த வரலாறு.

1972-ஆம் ஆண்டு விடுதலையின் வெள்ளி விழா ஆண்டு. அவ்வாண்டு நவம்பரில் 'ஆசியா 72' என்னும் பன்னாட்டு வாணிபப் பொருட்காட்சி தில்லியில் நடைபெற்றது. அதன் பொருட்டு ஒரு பெரிய மண்டபமும் அதனைச் சார்ந்த சிறு மண்டபங்களும் வேண்டியிருந்தன. அவற்றை வகுத்தவர் ராஜ் ரேவல் என்னும் கட்டடக் கலைஞர். அவ்வகுப்பை நிற்கச் செய்தவர் மகேந்திர ராஜ் என்னும் பொறியியல் வல்லுநர். பெரிய மண்டபத்தின் உள்ளளவு ஒரு புறத்திலிருந்து மறு புறம் வரை 78 மீட்டர், ஏறத்தாழ 256 அடி. இடையே ஒரு தூண்கூட இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் பெயர்த்து உள்ளே கிடத்தினாலும் இடம் மிஞ்சியிருக்கும் என்றால் அதன் பரப்பு விளங்கும்.

இத்தகைய பரந்த கூரையை மேலை நாட்டார் எஃகுக் குழாய்களால் அமைப்பர். குழாய்களைத் தொழிற்சாலையில் அளவாக அறுத்து, முனைகளைக் குமிழ்களில் திருகிப் பொருத்திவிட்டால், நீண்ட சட்டம் ஒன்று வானில் நிற்கும். 1972-இன் இந்தியாவில் எஃகு அருமையான பொருள். அவ்வகைக் குழாய்களையும் குமிழ்களையும் செய்து தரும் ஆலை வசதியும் குறைவு. இருந்தவை சிமிட்டி, கம்பி, தச்சர், கொத்தர், சிற்றாட்கள். ஆகவே எஃகினால் செய்யவேண்டியதைக் கம்பிக் கான்கிரீட்டினால் செய்வது என்று முடிவாயிற்று. இத்துணைப் பெரிய அளவில் அவ்வாறு அமைந்த கட்டமைப்பு உலகில் அதுவே முதலாவது என்பர் வல்லுநர்.

சொல்வது எளிது. சாய்ந்தும் படுத்தும் நிமிர்ந்தும் வரும் கழிகள் பல, ஒரே கணுவில் வந்து கூடுகின்றன. ஒவ்வொரு கழியினுள்ளும் கம்பிகள் உண்டு. அக்கம்பிகள் கணுவில் ஒன்றோடொன்று முட்டாமல் வழிவிட்டுச் செல்லல் வேண்டும். அவற்றின் இடையே கான்கிரீட் இறங்கவும் வேண்டும். கொத்தனார்கள் 'சென்டரிங்' என்று வழங்கும் பலகை அச்சை ஒவ்வொரு கோணத்துக்கும் தச்சர் இழைத்துப் பூட்டினர். ஆணும் பெண்ணுமாகத் தொழிலாளர் சட்டிகளைத் தலையில் சுமந்து சாரம் ஏறினர். கணக்கிடும் முறையோ புதியது. கட்டிய கைகளோ பழையவை. வேறொரு நாட்டில் இக்கட்டடம் இவ்வாறு எழுந்திருக்க முடியாது. ஏழ்மை ஒரு குறையாக நில்லாமல் ஒரு வடிவமாக மாறிய இடம் அது.

இன்னொன்றும் உண்டு. கழிகளின் ஆழமே வெயிலைத் தடுக்கும் மறைப்பாயிற்று. மொகலாயர் காலத்துச் 'ஜாலி' என்னும் கற்சல்லடை வடநாட்டுக் கோடையில் எத்தொழிலைச் செய்ததோ, அத்தொழிலை இக்கான்கிரீட் முக்கோணங்கள் செய்தன. பார்ப்பதற்கு வேற்று உலகப் பொருள் போலத் தோன்றினாலும், அது தில்லி வெயிலை அறிந்த கட்டடம்.

மகேந்திர ராஜ் 1924-இல் பிறந்தவர், 2022-இல் மறைந்தார். தம் கையால் கணக்கிட்டு நிறுத்திய மண்டபம் தகர்க்கப்பட்டதை அவர் உயிரோடிருந்து கண்டார். அவர் தொழில் கற்ற களம் சண்டிகர். ஆதலின் நாமும் சற்றே வடக்கே செல்வோம்.

1947-இல் நாடு பிளவுண்டபோது பஞ்சாப் தன் தலைநகராகிய லாகூரை இழந்தது. இழந்த நகரின் இடத்தில் புதியதொரு நகரை அமைக்க வேண்டிய நிலை. ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கரும் மாத்யூ நொவிட்ஸ்கி என்னும் போலந்து நாட்டவரும் முதலில் திட்டம் வகுத்தனர். 1950-இல் நொவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்துபட, பணி லெ கொர்பூசியே என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரிடம் வந்தது. 1951-இல் அவர் இங்கு வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே, ஆங்கிலேயத் தம்பதியராகிய மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டுரூ ஆகியோர் உடன் உழைத்தனர். அவர்களோடு இந்திய இளைஞர் பலர் இருந்தனர். ஆதித்ய பிரகாஷ், ஜீத் மல்ஹோத்ரா, எம். என். சர்மா, ஊர்மிளா யூலி சௌதுரி முதலியோர் பெயர்கள் லெ கொர்பூசியேயின் பெயரைப்போல் ஓங்கி ஒலிப்பதில்லை. ஆயினும் அந்நகரின் பள்ளிகளையும் வீடுகளையும் கடைவீதிகளையும் பெரிதும் ஆக்கியவர்கள் இத்தகையோரே.

பண்டை மரபின் கட்டுகளிலிருந்து விடுபட்டதாகவும், எதிர்காலத்தில் நாடு கொண்ட நம்பிக்கைக்கு அடையாளமாகவும் இந்நகர் விளங்குதல் வேண்டும் என்று நேரு பெருமகனார் கருதினார். உயர்நீதிமன்றம் 1955-இலும், தலைமைச் செயலகம் 1958-இலும், சட்டமன்றம் 1962-இலும் நிறைவெய்தின. பூச்சு இன்றி, பலகையின் நரம்பும் தெரியுமாறு விடப்பட்ட கான்கிரீட்டைக் கண்ட பலர், வேலை இன்னும் முடியவில்லை போலும் என்று எண்ணினர். அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. சுண்ணாம்பு அடித்தபின்பே வீடு வீடாகும் என்பது நம் நாட்டு வழக்கம்.

இந்தச் சண்டிகரின் அரசாங்க வளாகம், லெ கொர்பூசியேயின் கட்டடக் கலைப் படைப்புகள் என்னும் தலைப்பில், 7 நாடுகளில் உள்ள 17 இடங்களுள் ஒன்றாக, 2016-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மாமல்லபுரமும் தஞ்சையும் அமர்ந்துள்ள அவையில் சண்டிகரும் அமர்ந்தது.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டின் பழஞ்சின்னங்களைக் காக்கும் மைய அரசின் சட்டம் 1958-இல் இயற்றப்பட்டது. அச்சட்டப்படி, ஒரு கட்டடம் 100 ஆண்டுகளுக்குக் குறையாமல் நிலைத்திருந்தால்தான் அதனைப் பழஞ்சின்னம் என்று கொள்ளலாம். அவ்வளவுகோலால் சண்டிகர்ச் சட்டமன்றத்தை அளந்தால் 2062 வரை காத்திருத்தல் வேண்டும். உலகம் முழுவதற்கும் உரிய செல்வம் என்று பன்னாட்டார் கூடி ஏற்றுக்கொண்ட நாளில் அதற்கு வயது 54. தலைமைச் செயலகத்துக்கு 58. பன்னாட்டு மண்டபத்தைப் பற்றிய வழக்கு நிகழ்ந்த காலத்தில், தில்லியின் மரபுப் பாதுகாப்புக் குழு 60 ஆண்டு நிரம்பாத கட்டடங்களை ஆராய்வதற்கில்லை என்று அறிவித்தது. அந்த 60 ஆண்டு விதியைச் சண்டிகர் மீது வைத்தால், ஓராண்டுக்கு முன் உலக மரபாக ஏற்கப்பட்ட கட்டடங்களுள் உயர்நீதிமன்றம் ஒன்றே பிழைக்கும். மற்ற இரண்டும் விழும்.

விதி வேண்டா என்று நான் கூறவில்லை. கட்டி முடித்த மறுநாளே ஒன்றனைப் போற்றத் தொடங்குவதும், ஐந்தாண்டில் அதனையே இகழ்வதும் மனித இயல்பு. காலம் என்னும் சல்லடையில் சற்றே சலித்தெடுத்தபின் மதிப்பிடுவது அறிவுடைமைதான். பிற நாடுகளும் அவ்வாறே விதி வகுத்துள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 50 ஆண்டு. இங்கிலாந்தில் பொதுவாக 30 ஆண்டு. ஆனால் அவ்விரு நாடுகளிலும் ஒரு புறவாயில் வைத்துள்ளனர். தனிச் சிறப்புடையது என்று நிலைநாட்டினால் அமெரிக்காவில் 50 ஆண்டுக்கு முன்னரும் பதியலாம். இங்கிலாந்தில், மிகச் சிறந்ததாய் இருந்து இடிபடும் நிலையிலும் இருக்குமாயின், 10 ஆண்டு நிரம்பிய கட்டடத்தையும் காப்புப் பட்டியலில் சேர்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்தவற்றுள் அங்கே முதன்முதலாக அவ்வாறு சேர்க்கப்பட்டது, லண்டனில் ஒரு செய்தித்தாள் நிறுவனத்துக்காக 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட பிராக்கன் ஹவுஸ். சேர்க்கப்பட்ட ஆண்டு 1987. அதற்கு அடுத்த ஆண்டில் நெதர்லாந்தில் 'டோகோமோமோ' என்னும் பன்னாட்டுக் கழகம், இத்தகைய கட்டடங்களை ஆய்ந்து பதிவு செய்வதற்கென்றே தோன்றியது.

தில்லியில் குறைவாக இருந்தது அந்தப் புறவாயில். ஆராய்ந்து பார்த்து, இது சிறந்ததன்று, இடிக்கலாம் என்று ஒரு குழு தீர்ப்புக் கூறியிருந்தால் அதனோடு வாதிட்டிருக்கலாம். ஆராயவே மாட்டோம் என்றபின் எதனோடு வாதிடுவது?

முன்னெச்சரிக்கை இல்லாமலும் இல்லை. இன்டாக் எனச் சுருக்கி வழங்கும் மரபுக் காப்பு அமைப்பின் தில்லிக் கிளை, விடுதலைக்குப் பின் அந்நகரில் எழுந்தவற்றுள் காக்கத்தக்க 62 கட்டடங்களின் பட்டியலை முன்னரே அளித்திருந்தது. இடிக்கும் திட்டம் வெளியானவுடன் உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கட்டடக் கலைஞர்கள் வேண்டுகோள் விடுத்தனர். ராஜ் ரேவல் தாமே நீதிமன்றத்தை அணுகினார். 2017 ஏப்ரல் 20-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளியது. அது வியாழக்கிழமை. ஞாயிறு இரவு இடிப்பு நடந்தது. நடுவே இருந்தவை இரண்டே நாட்கள்.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு கூறுதல் வேண்டும். பொருட்காட்சி நிலத்தை ஆளும் நிறுவனத்தார், உலகத் தலைவர்கள் கூடும் மாநாடுகளுக்கு ஏற்ற பெரிய அவையம் தலைநகரில் இல்லை என்றனர். அது உண்மை. பழைய மண்டபங்கள் இன்றைய தேவைக்குப் போதா என்றனர். அதுவும் ஓரளவு உண்மையே. ஏறத்தாழ 2,700 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த புதிய வளாகம் 'பாரத மண்டபம்' என்னும் பெயரோடு 2023 ஜூலை 26-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜி-20 கூட்டமைப்பின் தலைவர்கள் அங்கே கூடினர். ஆயினும், 123 ஏக்கர் நிலத்தில் புதியதும் பழையதும் அருகருகே நிற்க இடமில்லையா என்று கேட்டவர்களுக்கு நிறைவான விடை கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பழைய கோயிலைச் சுற்றிப் புதிய பிராகாரம் எடுப்பது நம்மவர்க்குப் பன்னூறு ஆண்டுப் பழக்கம் அன்றோ?

இனி, இக்கட்டடங்களை மக்கள் ஏன் எளிதில் நேசிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்ப்போம். கருங்கல் முதுமையடையும்போது அழகு பெறுகிறது. பாசி படிந்த கோபுரத்தைக் கண்டு நாம் கைகூப்புகிறோம். கான்கிரீட்டுக்கு அந்தப் பேறு இல்லை. மழைநீர் வழிந்த கறை அதன்மேல் அழுக்காகவே தோன்றுகிறது. அன்றியும், கல் வெளியிலிருந்து தேய்வது; கான்கிரீட் உள்ளிருந்து நோயுறுவது. புதிய கான்கிரீட் காரத் தன்மை உடையது. அக்காரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து அக்காரத்தைத் தணிக்கிறது. கம்பியை மூடிய கான்கிரீட்டின் கனம் குறைவாக இருந்தால், நோய் விரைவில் கம்பியை எட்டிவிடும். துருப்பிடித்த இரும்பு பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டையே பிளந்து தள்ளும். கூரையிலிருந்து பொருக்கு உதிர்ந்து, அதனடியில் செந்நிறக் கம்பி தெரிவதை அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர் யாவரும் கண்டிருப்பர்.

இந்நோய்க்கு மருந்து உண்டு. நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்து, கம்பியைத் துலக்கி, பழையதன் நிறத்தோடும் பலகைத் தடத்தோடும் ஒத்துவரும் கலவையால் மீண்டும் நிரப்புவர். மின்னோட்டத்தின் துணையால் துருவைத் தடுக்கும் முறையும் உண்டு. இவை செலவும் பொறுமையும் வேண்டுபவை. மேலே சிமிட்டி பூசி வண்ணம் அடிப்பது மலிவு. ஆனால் அது முகத்தை மறைத்துவிடும். கல் கோயிலைச் சீர்செய்ய நம்மிடம் வழிவழி வந்த சிற்பிகள் உள்ளனர். அறுபது ஆண்டுக் கான்கிரீட்டைச் சீர்செய்யும் கைத்திறனோ இப்போதுதான் உருவாகி வருகிறது. அகமதாபாத்தில் மகேந்திர ராஜும் சார்ல்ஸ் கொரியாவும் சேர்ந்து அமைத்த விளையாட்டரங்கை ஆராய்வதற்கு, 2020-இல் அமெரிக்காவின் கெட்டி அறநிறுவனம் நிதி உதவி அளித்தது. சண்டிகர் அரசாங்க அருங்காட்சியகத்துக்கும் அதே நிறுவனம் அதற்கு முன்பே உதவியிருந்தது. நம் கட்டடங்களின் நோயை ஆராய நம் பணம் முன்வரவில்லையே என்று சிலர்க்கு உறுத்தலாம். உறுத்துவது நன்றே.

அகமதாபாத் என்றவுடன் அங்குள்ள இந்திய மேலாண்மைக் கழகம் நினைவுக்கு வரும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான், பாலகிருஷ்ண தோஷி, அனந்த ராஜே ஆகியோரின் உழைப்பால் 1962 முதல் எழுந்த செங்கல் நகரம் அது. பெரிய வட்டத் திறப்புகளும் வளைவுகளும் கொண்ட அக்கட்டடங்கள் பழைய இடிபாடுகளைப்போல் கம்பீரமாகத் தோன்றும். 1974-இல் அகமதாபாத்திலிருந்து தம் நாடு திரும்பிய கான், நியூயார்க் புகைவண்டி நிலையத்தில் மாரடைப்பால் உயிர் நீத்தார். அவர் எழுப்பிய நூலகக் கட்டடத்தைப் பிருந்தா சோமையா என்னும் கட்டடக் கலைஞரின் குழுவினர் சீர்செய்தனர். அப்பணிக்கு 2019-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார விருதும் கிடைத்தது. ஓராண்டே கழிந்தது. 2020 டிசம்பரில், 18 மாணவர் விடுதிகளுள் 14-ஐ இடித்துவிட்டுப் புதியன கட்டுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. உலகெங்கிலுமிருந்து எழுந்த மறுப்பைக் கண்டு 2021 புத்தாண்டு நாளில் அவ்வறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பின்னர் 2022 நவம்பரில், செங்கல் தரம் குன்றியதையும், உட்பொதிந்த கம்பி துருவுற்றதையும், 2001 நிலநடுக்கத்தின் சேதத்தையும் காட்டி, மீண்டும் புதுக்கும் முடிவை வெளியிட்டது. விடுதியில் உறங்கும் மாணவனின் தலைமேல் செங்கல் விழலாகாது என்பதை மறுப்பார் யார்? எனினும் ஒரே வளாகத்தில், ஒரே காலத்தில், ஒரே செங்கல்லால் எழுந்த ஒரு கட்டடம் விருது பெறும் அளவுக்குச் சீர்பட்டது. அதன் பக்கத்திலுள்ளதைச் சீர்செய்ய இயலாது என்றனர். இந்த முரணை வல்லுநர்கள் இன்னும் தெளிவுபட விளக்க வேண்டியுள்ளது.

நாம் மதிக்காததைப் பிறர் மதிப்பதும் உண்டு. சண்டிகர் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் என்று பியேர் ஜான்னரேயின் குழுவினர் தேக்கு மரத்தாலும் பிரம்புப் பின்னலாலும் நாற்காலிகள் வகுத்தனர். ஆயிரக்கணக்கில் அவை செய்யப்பட்டன. கால் ஆடியவுடன், எல்லா அரசாங்க நாற்காலிகளுக்கும் நேர்வதே அவற்றுக்கும் நேர்ந்தது. மொட்டை மாடியில் குவிக்கப்பட்டு, பழம்பொருளாக ஏலம் போயின. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வணிகர் துடைத்துப் பின்னிப் பளபளப்பாக்கி, ஐரோப்பிய அமெரிக்க ஏல மன்றங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விற்றனர். செய்தி கேட்டு விழித்துக்கொண்ட மைய அரசு 2011-இல் இவற்றை விற்பதற்குத் தடை விதித்தது. அதற்குள் போனவை போயின. நாற்காலியாவது கப்பலேறிச் சென்று எங்கோ ஒரு கூடத்தில் உயிரோடிருக்கிறது. கட்டடத்துக்கு அந்த வழியும் இல்லை.

சண்டிகரைப் பொறுத்தவரை இன்னொரு செய்தி ஆறுதல் தரும். நகரின் முதற்கட்டப் பகுதியில் தனி வீடுகளை அடுக்குக் குடியிருப்புகளாகப் பிரித்தல் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியொரு கட்டடத்தை மட்டுமன்றி, மரங்களும் தாழ்ந்த வீடுகளும் திறந்த வானும் சேர்ந்த ஒரு நகரின் அமைப்பையே மரபாகக் கொண்ட தீர்ப்பு அது.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது பிறர் கதை என்று தோன்றலாம். அன்று. சென்னைக்கு முதன்முதலாக வந்திறங்கும் நாயகனைத் திரைப்படத்தில் எவ்வாறு காட்டினார்கள்? சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டு ஒன்று. மவுண்ட் ரோடில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் மற்றொன்று. பதினான்கு மாடிக் கட்டடம் என்று ஊரார் விரல்விட்டு எண்ணிய அது, எம். சிதம்பரம் செட்டியாரின் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தொடங்கப்பெற்றது. 1954-இல் அவர் சிங்கப்பூரில் விமான விபத்தில் மறைந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. லண்டனைச் சேர்ந்த பிரௌன், மௌலின் ஆகியோர் வகுத்த கட்டடத்தை எல். எம். சிட்டாலே முடித்துத் தந்தார். 1959 ஆகஸ்ட் 23-ஆம் நாள் அப்போதைய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார். 1975-இல் பெருந்தீ பற்றியும் அது நின்றது. மத்திய அரசின் சட்டப்படி அது பழஞ்சின்னமாவதற்கு 2059 வரை பொறுத்திருத்தல் வேண்டும். ஆனால் பட்டணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனக்கண்ணில் அதனைக் கண்ட தலைமுறை, எந்தச் சட்டத்தையும் கேளாமல் அதனைத் தன் மரபில் சேர்த்துவிட்டது.

தில்லித் தமிழருக்கு இன்னும் அணுக்கமான இழப்பு ஒன்றும் உண்டு. விடுதலைக்குப் பின் மைய அரசின் ஊழியர்க்கென எழுந்த குடியிருப்புகள், விநய் நகர் எனத் தொடங்கிப் பின்னர் சரோஜினி நகர், நேதாஜி நகர் எனப் பெயர் பெற்றவை, எத்தனை தமிழ்க் குடும்பங்களைத் தாங்கின! இரண்டு அறை, ஒரு முற்றம், முன்னே புல்வெளி, அதன் ஓரத்தில் வேப்பமரம். முற்றத்தில் வடாம் காய்ந்தது. புல்வெளியில் குளிர்கால வெயிலில் ஆவணி அவிட்டக் கதையும் அலுவலகக் கதையும் பேசப்பட்டன. புகழ் பெற்ற கலைஞர் எவர் பெயரும் அவ்வீடுகளோடு ஒட்டியிருக்கவில்லை. 2016-இல் ஏழு குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாக மாற்ற அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018-இல் மரங்களை வெட்டத் தொடங்கியபோது மக்கள் திரண்டு மரங்களைக் கட்டிக்கொண்டனர், நீதிமன்றமும் குறுக்கிட்டது. மரங்களுக்காகப் பேசப் பலர் இருந்தனர். வீடுகளுக்காகப் பேசினவர் மிகச் சிலரே. அவற்றை மரபு என்று அழைக்க, அங்கு வாழ்ந்த எங்களுக்கே நா எழவில்லை.

2022-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், விடுதலை பெற்ற தென்னாசிய நாடுகளின் கட்டடக் கலையைப் பற்றிப் பெரியதொரு காட்சி நடைபெற்றது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை ஆகிய நாடுகளில் 1947 முதல் 1985 வரை எழுந்தவற்றைப் படங்களாலும் மாதிரி உருவங்களாலும் அங்கே விளக்கியிருந்தனர். பன்னாட்டு மண்டபமும் அக்காட்சியில் இடம்பெற்றது. பாரிஸ் நகரின் பொம்பிடூ மையமும் ராஜ் ரேவலின் வரைபடங்களையும் மாதிரிகளையும் சேர்த்து வைத்துள்ளது. தில்லியில் இருப்பவர்கள் அதனைக் காண விரும்பினால் பழைய புகைப்படங்களைத்தான் தேடவேண்டும்.

அத்தகைய படங்கள் பல தமிழ் வீடுகளில் இருக்கக்கூடும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. சல்லடை வீடு என்று சொன்ன அதே சிறுவன், கம்பளிச் சட்டையின் பொத்தானைத் தவறாகப் போட்டுக்கொண்டு, கையில் சோளக் கதிரோடு நிற்கிறான். படம் எடுத்தவருக்குக் கட்டடத்தைப் பற்றிய எண்ணமே இல்லை. சிறுவனின் தலைக்கு மேல் மூன்று வரிசை முக்கோணங்கள் மட்டும் தற்செயலாக விழுந்திருக்கின்றன. படத்தின் பின்புறம் என் மனைவியின் கையெழுத்தில், 'நவம்பர் 1986, பொருட்காட்சி' என்று எழுதியிருக்கிறது.